பன்னிரண்டு மிதவை, ஒரே சாக்கு

விசிலக்காவின் நாத்தனார் பெட்டியை இறக்கி வைத்துக் கைகால் கழுவுவதற்குள் வீட்டில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. சொத்துத் தகராறு இல்லை, சம்பந்தம் பேசும் தகராறும் இல்லை. மறுநாள் எந்தச் சுனையில் குளிப்பது என்பதுதான் வழக்கு.

தேசியப் பூங்காவுக்குள் மனிதர் இறங்கிக் குளிக்க இரண்டே சுனைகள் உண்டு. அகலச்சுனை வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மணல் தரை, இடுப்பளவு தண்ணீர், ஒரு ஓரமாக நாணல். விடுமுறை நாளில் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி கூட்டம் நெரியும். ஆழச்சுனைக்குப் போக ஜீப்பில் மூன்று கிலோமீட்டர், அப்புறம் இருநூற்றுப் பன்னிரண்டு படி இறங்க வேண்டும். பாறைப் பிளவுக்குள் பச்சைத் தண்ணீர், மேலே ஒரு சின்ன அருவி, அடியில் ஊற்று. நீச்சல் தெரிந்தவர்கள் அதில் ஒரு தடவை இறங்கிவிட்டால் அகலச்சுனையைக் குழந்தைகள் கால் நனைக்கும் இடம் என்பார்கள்.

விசிலக்காவின் கணவன் அகலச்சுனைக் கட்சி. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் பேருந்துக்கு அடியில் படுத்துக் கிடப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை படி ஏறுவதில் என்ன சுகம். ஒன்பது வயது மகள் அத்தை எந்தக் கட்சியோ அந்தக் கட்சி. அத்தையோ ஆழச்சுனையைத் தவிர வேறு பேச்சே இல்லை என்றாள். முப்பத்து நாலு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, தலைமை நர்ஸாக ஓய்வு பெற்று ஒரு மாதம்தான் ஆகிறது. எதிரில் நிற்பவர் யாராக இருந்தாலும் பாதி நோயாளி என்ற நினைப்பில்தான் பேசுவாள். மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா என்று சும்மாவா சொன்னார்கள்.

"சின்ன வயசுல ஆத்துல நீந்தினவ நான். இடுப்பளவு தண்ணியில உட்கார்றதுக்கு எங்க வீட்டு பாத்ரூமே போதுமே," என்றாள்.

தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் விசிலக்கா. அவள்தான் இந்த வீட்டு மருமகள், பூங்காவில் பதினாலு வருடமாகக் காவலர். கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும். அவள் ஊதினால் பறவைகூட வரிசையில் நிற்கும் என்பது உடன் வேலை பார்ப்பவர்களின் கேலி. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சுனைகளைத் திறப்பதும் மூடுவதும் அவள் கையெழுத்தில்தான் நடந்தது.

இந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஒரு வேலை இருக்கிறது. மழைக்காலத்தில் ஆறு பெருகிச் சுனைகளோடு கலந்துவிடும். வெள்ளம் வடிகிறபோது ஆற்று முதலை ஏதாவது வழி தவறிச் சுனையிலேயே தங்கிவிடலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வித்தை உண்டு. செங்கல் அளவு வெள்ளைத் தெர்மாகோல் மிதவைகளைக் கல்லில் கட்டி, சுனைக்கு ஆறு வீதம் மிதக்க விடுவார்கள். தண்ணீரில் புதிதாக எது மிதந்தாலும் முதலைக்குக் கடித்துப் பார்க்காமல் தீராது. மூன்று வாரம் கழித்து மிதவைகளை எடுத்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். பல் பதிந்திருந்தால் சுனை பூட்டு. பதியாவிட்டால் கையெழுத்து, திறப்பு.

நாத்தனாருக்கு இது வேலையாகவே தோன்றியதில்லை. "தம்பி பொண்டாட்டி என்ன பண்றான்னு கேக்குறவங்ககிட்ட என்னத்தச் சொல்றது? குளத்துல தெர்மாகோல் மிதக்க விடுறாங்கறதா? அதுக்கு ஒரு யூனிஃபார்ம் வேற," என்று தொலைபேசியிலும் நேரிலுமாகப் பத்து வருடமாகச் சொல்லி வந்தாள். விசிலக்கா சிரித்து மழுப்புவாள். உள்ளுக்குள் அது நெருஞ்சி முள்ளாகத்தான் குத்தியது. உயிர் காப்பது ஊசி போடுகிறவர்களுக்கு மட்டும் எழுதிக்கொடுத்த தொழிலா என்று பாத்திரம் தேய்க்கும்போது தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள்.

அதனால்தான் அன்று சாயங்காலம் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் கெத்தாகவே தீர்ப்புச் சொன்னாள்.

"நீங்க ஆசைப்பட்ட ஆழச்சுனைக்கே போங்க அண்ணி. நாளைக்குக் காலையில திறக்குது. நானே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கேன். கண்ணை மூடிட்டு இறங்கலாம்."

"நீ பார்த்தா சரிதான்," என்றாள் நாத்தனார். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தது அதுவே முதல் தடவை. விசிலக்காவுக்கு அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடே இறங்கவில்லை, வயிறு அந்தச் சொல்லிலேயே நிறைந்துவிட்டது.

ஆனால் அந்தக் கையெழுத்து எப்படி விழுந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அன்று மதியம் மிதவைகளை எடுக்கப் போனபோதே மணி இரண்டாகிவிட்டது. நாத்தனார் வரும் பேருந்து ஐந்து மணிக்கு. அவளை நிலையத்தில் ஐந்து நிமிடம் காக்க வைத்தால் ஐந்து வருடத்துக்குப் பேச்சு கேட்க வேண்டியிருக்கும். ஆழச்சுனைக்கு வெள்ளைச் சாக்கு, அகலச்சுனைக்கு நீலச் சாக்கு என்பது விதி. வெள்ளைச் சாக்கைத் தேடி எடுக்க நேரமில்லாமல் பன்னிரண்டு மிதவையையும் நீலச் சாக்கிலேயே போட்டாள். ஒவ்வொன்றையும் ஈரத்தோடு விரலால் தடவிப் பார்த்தாள், பாசிதான் வழவழத்தது. முந்தைய வாரம் படகில் போய் டார்ச் அடித்துப் பார்த்தபோதும் எந்த முதலைக் கண்ணும் மின்னவில்லை. நாளைக் காலையில் கழுவிக்கொள்ளலாம், எல்லாம் ஒரு சடங்குதானே என்று நினைத்து, இரண்டு சுனைக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடினாள். பதினாலு வருடத்தில் ஒரு தடவை. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

மறுநாள் எட்டரை மணிக்கு மூன்று பேரையும் வழியனுப்பினாள். நாத்தனார் கறுப்பு நீச்சலுடைக்கு மேல் தம்பியின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, போருக்குப் போகிறவள் மாதிரி வண்டியில் ஏறினாள். விசிலக்கா அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் கொட்டகைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு மிதவைகளைத் தேய்க்க உட்கார்ந்தாள்.

ராத்திரியெல்லாம் காய்ந்ததில் பாசி தோல் மாதிரி இறுகியிருந்தது. ஆறு மிதவை கழுவி வரிசையாக வைத்தாள், எல்லாம் மழமழ. ஏழாவதைத் தேய்த்தபோது பாசி ஒரு பட்டையாக உரிந்து வந்தது. அடியில் நாலு குழி. திருப்பினாள். மறுபக்கம் மூன்று குழி. சுண்டுவிரல் நுனி உள்ளே போகிற ஆழம்.

மற்ற ஐந்தையும் பரபரவென்று தேய்த்தாள், அவற்றில் ஒன்றுமில்லை. கடிபட்டது ஒன்றே ஒன்று. அது எந்தச் சுனையிலிருந்து வந்தது? சாக்கைப் பார்த்தாள். நீலச் சாக்கு, ஒரே சாக்கு. மிதவைக்கு வாயிருந்தால் சொல்லியிருக்கும். கடித்த தடத்தோடு அது அவள் மடியில் சும்மா கிடந்தது.

மணி ஒன்பதே முக்கால். இரண்டு சுனையும் எட்டு மணிக்கே திறந்தாகிவிட்டது.

ரேஞ்சர் தன் மேசையில் அடையாள அட்டைகளுக்குப் படம் ஒட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்தேழு வயது, அவருடைய இடது முட்டி அவருக்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தது. விசிலக்கா மிதவையை மேசைமேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எந்தச் சுனை?"

"தெரியல சார். ரெண்டையும் ஒரே சாக்குல போட்டுட்டேன். கழுவுறதுக்கு முன்னாடியே கையெழுத்தும் போட்டுட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து சாவிகளை எடுத்தார். மற்ற இரண்டு காவலர்களும் எல்லைச் சாலையில் விழுந்த மரத்தை வெட்டப் போயிருந்தார்கள். இருப்பது இவர்கள் இருவர், காலி செய்ய வேண்டியது இரண்டு சுனை. பாறைப் பிளவுக்குள் வயர்லெஸ் எடுக்காது. யாராவது இறங்கித்தான் ஆக வேண்டும்.

"நான் ஆழச்சுனைக்கு ஓடுறேன் சார். உங்க முட்டிக்கு அந்தப் படி ஆகாது."

ரேஞ்சர் வாசலில் நின்றார். "உன் வீட்டு ஆளுங்க எந்தச் சுனையில இருக்காங்க?"

அந்தப் பூங்காவில் ஒரு விதி உண்டு. எந்தத் தாளிலும் எழுதியிருக்காது, புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள். தன் வீட்டு ஆள் தண்ணீரில் இருந்தால் அந்தத் தண்ணீரைக் காலி செய்யத் தான் போகக் கூடாது. முன்பு ஒரு காவலர் இப்படித்தான் ஓடிப்போய், தன் மகனைக் கரையேற்றிவிட்டு, எல்லாரும் வந்தாச்சு என்று கையைக் காட்டினார். பாறைக்குப் பின்னால் ஒரு பெண் தண்ணீரிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் பிழைத்தது அவள் அதிர்ஷ்டம். அந்தக் காவலர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்குத் தன் பிள்ளை வந்ததும் எல்லாரும் வந்துவிட்டார்கள். பெற்ற கண் அப்படித்தான் பார்க்கும், அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை என்றுதான் அந்த விதி வந்தது.

'அகலச்சுனையில' என்ற சொல் விசிலக்காவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் போதும், ரேஞ்சர் அங்கே போய்விடுவார். அவள் இருநூற்றுப் பன்னிரண்டு படியையும் மூன்று நிமிடத்தில் இறங்கிவிடுவாள். அவர் இறங்கப் பத்து நிமிடமாவது ஆகும். நியாயம்கூட அவள் பக்கம்தான் இருக்கிறது, முட்டி நல்ல முட்டி. ஆனால் அங்கே போனால் தான் எதைத் தேடுவாள் என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று தலை. மகளுடையது முதலில்.

"ஆழச்சுனையில சார்."

"அப்ப நீ அகலச்சுனைக்குப் போ. நான் இறங்கிடுவேன்." ஜீப்பில் ஏறும்போது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டே அவள் ஸ்கூட்டரை உதைத்தாள்.

போகிற வழியெல்லாம் அவள் தன்னைத் திட்டிக்கொண்டே போனாள். ஊரில் யாரும் யாரையும் திட்டாத வார்த்தையெல்லாம் அதில் இருந்தது. நான் சொல்லித்தானே போனாங்க. வீட்டுல அவர் அகலச்சுனைன்னுதானே சொன்னாரு. கண்ணை மூடிட்டு இறங்கச் சொன்னேனே பாவி.

அகலச்சுனையில் எதுவும் தெரியாமல் கூட்டம் குதூகலமாக இருந்தது. டிக்கெட் புத்தகத்தில் கிழித்ததுபோக மிஞ்சிய அடிக்கட்டைகளை எண்ணினாள். நாற்பத்து மூன்று. மூச்சை இழுத்து மூன்று தடவை நீளமாக விசில் ஊதினாள்.

"தண்ணிய சோதனை பண்ணணும். எல்லாரும் மேல வந்துடுங்க. ஓட வேண்டாம், அடிச்சு நீந்த வேண்டாம், அப்படியே நடந்து வாங்க. புள்ளைங்க கையைப் பிடிச்சுக்கங்க."

கடைசி ஆள் கரையேறும்வரை முதலை என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் கூட்டம் தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடும், சும்மா கிடக்கிற முதலையும் எழுந்து வந்து பார்க்கும். விசிலக்கா முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள். இப்பதானே இறங்கினோம் என்றார் ஒருவர். காசைத் திருப்பித் தருவீங்களா என்றார் இன்னொருவர். ஒரு அம்மா சோப்புப் பெட்டியைத் தேடத் திரும்பினாள். "பெட்டியை நான் எடுத்துத் தரேன், நீங்க வாங்க," என்று விசிலக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். ஒவ்வொருவர் தோளையும் தொட்டுத் தொட்டு எண்ணினாள். தொடாத தலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது அவள் பழக்கம்.

நாற்பத்திரண்டு.

மறுபடி எண்ணினாள். நாற்பத்திரண்டுதான். தண்ணீரில் யாரும் இல்லை. கழிப்பறைக் கதவுகளைத் தட்டினாள், எல்லாம் காலி. இங்கே நின்று ஒரு ஆளைத் தேடும் இந்த நிமிடத்தில் அங்கே என்ன நடக்கிறதோ. போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஒருவேளை டிக்கெட் வாங்கிவிட்டு இறங்காமலே போனவராக இருக்கலாம். அப்படி நினைத்துக்கொள்வது எவ்வளவு சுலபம். அந்தக் காவலரும் இப்படித்தான் நினைத்திருப்பார்.

நாணல் பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். தண்டுகளுக்கு நடுவே நிழலில் ஒரு வெள்ளை வயிறு மிதந்தது. உயிர் போய்த் திரும்பி வந்தது அவளுக்கு. ஒரு தாத்தா. மல்லாந்து, கையை விரித்து, காது இரண்டும் தண்ணீருக்குள் இருக்க, சொர்க்கத்தில் இடம் பிடித்தவர் மாதிரி மிதந்துகொண்டிருந்தார். விசிலாவது ஒன்றாவது.

கரையிலிருந்து பத்தடி. விசிலக்கா காலணியோடு இறங்கினாள். கடிபட்ட மிதவை இந்தச் சுனையுடையதாக இருந்தால் முதலை படுத்திருக்கக்கூடிய இடம் இந்த நாணல்தான். முழங்கால் அளவு, தொடை அளவு, இடுப்பு அளவு. காலில் உரசிய ஒவ்வொரு தண்டும் தண்டாகத்தான் இருந்தது. தாத்தாவின் கக்கத்தில் கை கொடுத்து மெதுவாக இழுத்து வந்தாள்.

"ரெண்டு நிமிஷம் ஒரு மனுஷனை நிம்மதியா மிதக்க விடமாட்டீங்களே," என்றார் தாத்தா.

"அடுத்த வாரம் வாங்க தாத்தா. ரெண்டு மணி நேரம் மிதங்க."

நாற்பத்து மூன்று. வாசலில் சங்கிலியை இழுத்துப் பூட்டினாள். அதற்கப்புறம்தான் கூட்டத்துக்கு விஷயத்தைச் சொன்னாள். காசு கேட்டவர் காசைப் பற்றி மறந்தே போனார்.

இனி அவள் செய்ய ஒன்றுமில்லை. மாற்று ஆள் வரும்வரை சங்கிலியை விட்டு நகரக் கூடாது. வயர்லெஸ்ஸைக் காதோடு வைத்துக்கொண்டு டிக்கெட் ஜன்னலுக்குக் கீழே நின்றாள். கரகரவென்ற சத்தம் மட்டும் வந்தது. பத்து நிமிடம். இருபது நிமிடம். மகள் தண்ணீருக்குள் மூழ்கி எவ்வளவு நேரம் இருக்க முடியும் என்று அத்தையிடம் பந்தயம் கட்டியிருந்தது நினைவுக்கு வந்தது. வேண்டாத தெய்வம் இல்லை. வேண்டுதலில் நாத்தனாரின் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். பத்து வருடத்தில் அதுவும் முதல் தடவைதான்.

முப்பத்தெட்டாவது நிமிடம் ரேஞ்சரின் குரல் வந்தது. மூச்சு வாங்கியது.

"பதினெட்டு டிக்கெட். பதினெட்டு தலை. எல்லாரும் மேல வந்தாச்சு."

"சார், என் ஆளுங்க?"

"பதினெட்டும் சரின்னு சொன்னேன்ல." கொஞ்சம் கரகரப்பு. அப்புறம் குரல் தணிந்தது. "உன் பொண்ணு இதோ ஜீப்புல உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிடுது. உன் நாத்தனார்தான் என்னைத் தோள்ல தாங்கி மேல ஏத்தி விட்டாங்க. முட்டிக்கு ஐஸ் வைக்கலேன்னா ஆஸ்பத்திரியில சேர்த்துடுவேன்னு மிரட்டுறாங்க."

விசிலக்கா ஈர உடையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. சோப்புப் பெட்டிக்கார அம்மா வந்து தண்ணீர்ப் பாட்டிலை நீட்டிவிட்டு, ஏன் என்று கேட்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்குக் குடித்த தண்ணீர் மாதிரி விசிலக்கா அதற்கு முன்னும் பின்னும் குடித்ததில்லை.

ஜீப் வந்து நின்றதும் மகள் குதித்து ஓடிவந்து கட்டிக்கொண்டாள். தலை ஈரமாக, காது குளிர்ந்து, முழுசாக இருந்தாள். கணவன் அவள் முதுகைத் தட்டினான். நாத்தனார் கடைசியாக இறங்கினாள்.

"நீ ஏன் வரல?" என்றாள்.

விசிலக்கா விதியைச் சொன்னாள். நாத்தனார் தலையசைத்தாள். "எங்க ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான். என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் நடந்தப்போ தலைமை நர்ஸான என்னையே உள்ள விடல. நாலு மணி நேரம் வாசல்ல உட்கார்ந்திருந்தேன். அது நியாயம்தான்."

அதோடு விட்டிருக்கலாம். புத்திசாலி மருமகள்கள் அதோடு விட்டுவிடுவார்கள். விசிலக்காவால் முடியவில்லை. ஒரே சாக்கையும், கழுவாமல் போட்ட கையெழுத்தையும், ஐந்து மணிப் பேருந்தையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"கழுவாமலேயா?" என்றாள் நாத்தனார்.

"ஆமா அண்ணி."

"நீ பார்த்திருக்கேன்னு நம்பித்தானே புள்ளையக் கூட்டிட்டு இறங்கினேன்." அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றும் மறுநாளும் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட மகள் வழியாகத்தான் தூது வந்தது. வீட்டில் இரண்டு பெண்களுக்கு நடுவே கணவனுக்குப் பேருந்துக்கு அடியில் படுத்துக் கிடப்பதே சுகமாகத் தோன்றியது.

அலுவலகத்தில் விசிலக்கா அறிக்கையைத் தானே எழுதினாள். அவசரம், சூழ்நிலை என்ற சொற்களையெல்லாம் அடித்துவிட்டு, நான் கழுவவில்லை, நான் சாக்கைப் பிரிக்கவில்லை என்று எழுதினாள். ரேஞ்சர் படித்துவிட்டு, இனி ஒரு வருடத்துக்கு அவள் கையெழுத்து தனியாகச் செல்லாது, கூடவே தானும் போட வேண்டும் என்று முடிவு எழுதினார். வேலை போகவில்லை. அதற்கே அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். எல்லாரும் உயிரோடு இருக்கிறபோது இந்தத் தண்டனை அவளுக்குத் தண்டனையாகவே தோன்றவில்லை. நாத்தனாரின் மௌனம்தான் உண்மையான தண்டனை.

மூன்றாம் நாள் காலை, நாத்தனார் ஊருக்குக் கிளம்பும் நாள். பேருந்துக்கு முன்னால் பூங்கா அலுவலகத்தில் ரேஞ்சரின் முட்டியைப் பார்க்க வேண்டும் என்று வந்திருந்தாள். அந்த நேரத்தில்தான் லாரி வந்தது. இரண்டு சுனையிலும் முதலை பிடிக்க வைத்திருந்த கூண்டுகளில் ஒன்று நிறைந்திருந்தது.

"எதுல?" என்று விசிலக்கா கேட்டாள்.

"ஆழச்சுனை," என்றார் லாரியிலிருந்து இறங்கிய காவலர். "அருவிக்குக் கீழ."

இரண்டே முக்கால் மீட்டர். ஆற்று முகத்துவாரத்துக்குக் கொண்டுபோய் விடுவதற்காக வாயைக் கட்டிக் கூண்டோடு கொண்டுவந்திருந்தார்கள். மகள் அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தாள். நாத்தனார் பயப்படவில்லை. கூண்டுக்கு அருகில் போய், நோயாளியின் படுக்கையருகே நிற்கிறவள் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாலிலிருந்து வாய்வரை பார்த்தாள். கட்டிய வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பற்களை வெகுநேரம் பார்த்தாள்.

"இதோட ஒரு மணி நேரம் குளிச்சிருக்கேன்," என்றாள், யாரிடமும் என்றில்லாமல். பிறகு ரேஞ்சர் பக்கம் திரும்பினாள். "அந்தத் தெர்மாகோல் இல்லேன்னா இது உள்ள இருந்தது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சிருக்கும்?"

"யாரையாவது கடிச்சப்புறம்," என்றார் ரேஞ்சர். "அன்னைக்கு இவ அதைத் தேய்க்காம அப்படியே கொட்டகையில தூக்கிப் போட்டிருந்தாலும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது. தேய்ச்சா. தேய்ச்சதும் தூக்கிட்டு நேரா என்கிட்ட வந்தா."

நாத்தனார் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வண்டிக்கு நடந்தாள். கதவைத் திறந்தவள் நின்று, மூன்று நாளில் முதல் தடவையாக விசிலக்காவை நேராகப் பார்த்தாள்.

"அடுத்த வருஷம் இதே மாசம் வருவேன். ஆழச்சுனைக்குத்தான்."

"வாங்க அண்ணி. ரேஞ்சர் சாரும் பார்த்துக் கையெழுத்துப் போடுவாரு. என் கையெழுத்து மட்டும் இப்பச் செல்லாது."

"அவரு போட்டா போட்டுக்கட்டும்." நாத்தனார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். "தப்புப் பண்ணிட்டு மறைச்ச நர்ஸை ஒருநாளும் என் வார்டுல வச்சுக்கிட்டதில்ல. தப்புப் பண்ணிட்டு அடுத்த நிமிஷம் வந்து சொன்னவளை ஒருநாளும் அனுப்பினதில்ல. அவ அப்புறம் பத்து பேரு பார்க்குற பார்வை பார்ப்பா. நீ கழுவி, நீ பார்த்து, உன் பேரு அந்தத் தாள்ல இருந்தாத்தான் நான் தண்ணியில கால் வைப்பேன். வேற யாரு சொன்னாலும் இறங்க மாட்டேன்."

விசிலக்கா வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதாள். நாத்தனார் அவள் கையைப் பிடித்தாள். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, பழக்க தோஷத்தில் நாடியையும் எண்ணிக்கொண்டிருந்தாள்.